அட்டையில் ஒரு சொல்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் பல் ஆஸ்பத்திரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணனுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. சாரத்திலிருந்து விழுந்து மாதக்கணக்கில் படுத்தே கிடந்த மனிதர், இப்போது தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வரை வந்து, நான் வெங்காயம் நறுக்குவதில் குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் இந்த வருஷம் பெயின்ட் வாளியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நாங்கள் அவர் எதிரில் பேசுவதில்லை. என் வேலை இருக்கிறவரை வீடு ஓடிவிடும்.

ஆபீசில் என்னைப் பிரிவு மாற்றிவிட்டார்கள். இத்தனை வருஷம் கீழே உட்கார்ந்து இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி விலாசம் ஒட்டியது போதும் என்று மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஜன்னல் இருக்கிறது. என்ன வேலை என்று இப்போது சொல்லமாட்டேன். முதலில் இதோடு வைத்திருக்கும் தாளைப் பார். உன் உயிரான 'உப்புக் கிடங்கு' நாடகத்தின் பாட்டுகள் எங்கள் கம்பெனியிலிருந்து ஆல்பமாக வரப்போகின்றன. இது அதன் அட்டை, அச்சுக்குப் போகும் முன் எடுத்த மாதிரி. நீ ஒருத்தி மட்டும் பார்க்கத்தான் அனுப்புகிறேன். வெளியே தெரிந்தால் என் தலை உருளும்.

பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுது. அப்புறம் உனக்கு ஒரு சேதி இருக்கிறது. போன் வேண்டாம். நீ போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்கிறார்கள்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 17

அன்பான அண்ணிக்கு,

இங்கே நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். அண்ணனிடம் வெங்காய விஷயத்தில் நான் உங்கள் கட்சி என்று சொல்லுங்கள்.

அட்டையைப் பார்த்ததும் வரவேற்பு மேஜையிலேயே கத்திவிட்டேன். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒருவர் உள்ளே ஏதோ விபரீதம் என்று பயந்து எழுந்து போய்விட்டார். 'உப்புக் கிடங்கு' பாட்டுகள் கடைசியில் வருகின்றன! நாடகம் மேடையை விட்டு இறங்கிய நாளிலிருந்து எங்கள் ரசிகர் சங்கம் காத்திருந்தது இதற்குத்தான். திருப்பினால் பின்பக்கம் கொட்டை எழுத்தில், 'உப்புக் கிடங்கு: சவுண்ட் டிராக்'.

சவுண்ட் டிராக்! அண்ணி, உங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். படத்துக்காகப் பாடினால்தான் சவுண்ட் டிராக். மேடையில் நடித்தவர்களே ஸ்டூடியோவில் நின்று பாடினால் அது நடிகர் குழுப் பதிவு. 'உப்புக் கிடங்கு' எந்தக் காலத்தில் படமாக வந்தது? இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் கிடங்குக்காரியாக நடித்த அம்மாள் ஆயிரம் பேருக்கு முன்னால் கரகரத்த தொண்டையோடு நின்று பாடினாள். அவள் மேடையில் நின்றாள் என்பதையே இந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது.

இதில் வேடிக்கை, அதே பக்கத்தில் கதையைப் பற்றி எழுதியிருக்கும் பத்தி அருமை. நாடகத்தை நேசித்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது மாதிரி இருக்கிறது. அப்படி எழுதத் தெரிந்த ஆளுக்கு இந்த அடிப்படை தெரியாதா?

நீங்கள் சொன்னபடி யாரிடமும் காட்டவில்லை, எங்கள் தலைவரைத் தவிர. அவர் வாங்கிப் பார்த்தார், பிறகு அது கை மாறிவிட்டது. சலவைக் கடைக்கு மேலே எங்கள் அறையில் நேற்று நின்றுகொண்டே கூட்டம் நடந்தது. கீழே மெஷின் ஓடும் சத்தத்தை விட எங்கள் சத்தம் அதிகம். கம்பெனிக்கு எழுதுவது என்று தீர்மானம். செயலாளர் என்ற முறையில் முதல் கடிதம் என்னுடையது. கவலைப்படாதீர்கள், உங்கள் பேர் வராது.

ஏதோ சேதி என்றீர்களே, என்ன?

உங்கள் வாயாடி


மார்ச் 8

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் போட நேரம் அமையவில்லை. உன் அண்ணன் தெரு முனை வரை நடந்தார். திரும்பி வர முடியாமல் செருப்புக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். வேறு ஒன்றுமில்லை, பயப்படாதே.

யாரிடமும் காட்டாதே என்று நான் எழுதியிருந்தேன். நீ காட்டிவிட்டாய். அதைப் பற்றி இனிப் பேசிப் பயனில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆல்பம் இன்னும் வெளியே வரவில்லை. ஒரு பாட்டைக்கூட உங்களில் யாரும் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள். அந்தச் சொல்லை எழுதியவருக்கு ஏதாவது காரணம் இருக்கலாம். அவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தான்.

சேதி பெரிதாக ஒன்றுமில்லை. மறந்துவிடு.

அண்ணி


மார்ச் 15

அன்பான அண்ணிக்கு,

அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்? தடி இல்லாமல் வெளியே போனாரா? அவருக்கு வீம்பு ஜாஸ்தி, எங்கள் குடும்பத்துக்கே ஜாஸ்தி. நான் திட்டியதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் கம்பெனி முதலாளியின் தங்கை மாதிரி இருக்கிறது! பாட்டைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை, அண்ணி. அட்டையில் இருப்பது தப்பு என்று அட்டையைப் பார்த்தாலே தெரிகிறதே. என்ன காரணம் இருந்துவிடும்? தெரியாத்தனம், அல்லது திமிர். எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுகிறோம். தலைவர் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தார். அதன் கடைசி வரி நான் சேர்த்தது: இந்தச் சொல்லை எழுதியவர் இனி எந்த நாடகத்தின் அட்டையையும் தொடக் கூடாது, அந்தப் பொறுப்பிலிருந்து அவரை நீக்க வேண்டும். கைதட்டினார்கள்.

உங்கள் ஆபீசில் யார் அந்த அறிவாளி? எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 6

அன்பான அண்ணிக்கு,

போன கடிதம் கிடைத்ததா? உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பொறுக்க முடியாமல் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். நீங்கள் குளிக்கிறீர்கள் என்றார். மறுநாள் செய்தேன், அன்றும் குளிக்கிறீர்கள் என்றார். இவ்வளவு சுத்தம் உடம்புக்கு ஆகாது.

என் மேல் கோபமா? அந்தத் தாளைக் காட்டியதற்கா? தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது நடப்பதைப் பார்த்தால் நீங்களே சந்தோஷப்படுவீர்கள். ஒரு பத்திரிகை எங்கள் கடிதத்தைப் போட்டிருக்கிறது. வேறு ஊர்களில் இருக்கும் சங்கங்களும் எழுதுகின்றனவாம். எங்களை இதுவரை பாட்டுப் பைத்தியங்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதல் தடவையாக ஒரு பெரிய கம்பெனி நாங்கள் சொல்வதைக் கேட்கப்போகிறது.

அண்ணனுக்கு வேறு ஏதாவது என்றால் மறைக்காதீர்கள். உடனே கிளம்பி வருகிறேன்.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். நானும் இருக்கிறேன்.

ஆபீஸ் சரியில்லை. மேலாளர் ஒவ்வொருவரையாகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் தட்டச்சு செய்கிற மாதிரிப் பாவனை செய்கிறோம். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, அச்சாகாத அட்டை எப்படி வெளியே போனது என்று. கடிதங்கள் ஒரு கூடை நிறைய வந்திருக்கின்றன. வர வர அவர் குரல் ஏறுகிறது.

உன்னிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை. உன் படிப்புக்காக நான் செய்ததை எப்போதாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது கேட்கிறேன். இந்தக் கடிதங்களை நிறுத்து. உன் தலைவரிடம் பேசு. ஏன் என்று கேட்காதே. அண்ணி கேட்டாள் என்பதற்காகச் செய்.

அண்ணி


ஏப்ரல் 25

அன்பான அண்ணிக்கு,

உங்கள் கடிதம் மனசைக் கலக்கிவிட்டது. தலைவரிடம் நிறுத்தலாமா என்று கேட்டும் பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாதி வழியில இறங்கச் சொல்றியேம்மா, பயமா?" என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் வாயடைத்து நின்றது அங்கே அதுதான் முதல் தடவை.

அட்டை உங்களிடமிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டேன். அது சத்தியம். ஆனால் நிறுத்துவது என் கையில் இல்லை. நீங்கள் பயப்படுவது தாள் வெளியே போனதைப் பற்றித்தானே? அதற்கு நான் பொறுப்பு. மற்றபடி அந்தச் சொல்லை எழுதியவருக்காக நீங்கள் ஏன் கலங்க வேண்டும்?

அண்ணனுக்கு ஒரு கம்பளி முதுகுப் பட்டி அனுப்பியிருக்கிறேன். எங்கள் டாக்டரே இதே மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்கிறார், பல் டாக்டராக இருந்தாலும் முதுகு அவருக்கும் உண்டு.

உங்கள் வாயாடி


மே 12

அன்பான அண்ணிக்கு,

ஜெயித்துவிட்டோம்!

கம்பெனியின் பதில் இன்று வந்தது. உங்களுக்காக அந்த இரண்டு வரியை அப்படியே எழுதுகிறேன். 'ரசிகர்களின் கருத்தை மதித்து, ஆல்பம் நடிகர் குழுப் பதிவு என்ற பெயரிலேயே வெளியாகும். முந்தைய வாசகத்துக்குக் காரணமானவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.' அறையில் ஒருவர் மேஜை மேல் ஏறிக் கிடங்குக்காரியின் பாட்டைப் பாடினார். சலவைக் கடைக்காரர் மேலே வந்து, ஏதாவது கல்யாணமா என்று கேட்டார்.

பணியிலிருந்தே விடுவிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அட்டை வேலையிலிருந்து மாற்றினால் போதும் என்றுதான் கேட்டோம். கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. போகட்டும், எழுதத் தெரிந்த ஆள், வேறு இடம் கிடைக்கும்.

இனி உங்கள் ஆபீசும் அமைதியாகிவிடும். இனிமேலாவது எனக்கு ஒழுங்காகப் பதில் போடுங்கள்.

உங்கள் வாயாடி


மே 20

தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் லெட்டர் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய். உன் அண்ணி கடைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

நீ கேட்ட அறிவாளி உன் அண்ணிதான்.

மாடியில் அவளுக்குக் கொடுத்த வேலை அட்டைக்கு வாசகம் எழுதுவது. அவள் எழுதிய முதல் அட்டை உனக்கு அனுப்பினாளே, அதுதான். நீ பிரமாதம் என்று எழுதுவாய், அப்போது சொல்லலாம் என்று குழந்தை மாதிரி தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதையைப் பற்றிய பத்தி முழுக்க நீ லீவுக்கு வந்தபோது வளவளவென்று சொன்னது. அதை நினைவு வைத்துத்தான் எழுதினாள்.

பாட்டு விவகாரம் எனக்குப் புரியாது. அவள் சொன்னதைச் சொல்கிறேன். அந்த நாடகத்தைப் படமாக எடுக்க ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனதாம். ஊருக்கே தெரியாதாம். இது அந்தப் படத்துக்காகப் பாடி வைத்த பாட்டாம், பாடினது மேடையில் இருந்தவர்கள் இல்லையாம். அதனால்தான் சவுண்ட் டிராக் என்று எழுதினாளாம். வெளியே சொல்லக் கூடாது என்று இவளிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

தாள் வெளியே போனதில் மேலாளருக்குக் கோபம் என்றாலும், உங்கள் லெட்டரில் ஏக சந்தோஷம், மேடைக் குழு பாடியது என்று போட்டால் நிறைய விற்குமே. "ரசிகருங்களே அப்படித்தான் வேணும்னு கேக்கறாங்க, மாத்திப் போடும்மா" என்றாராம். அது பொய், மாற்றிய வாசகத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று இவள் சொல்லிவிட்டாள். சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

உன் ஜெயித்த கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணி,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அண்ணன் எழுதினார், அவர் மேல் கோபப்படாதீர்கள்.

அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஆல்பம் வந்த பிறகு, கேட்டுவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். உண்மையைச் சொன்னால், அண்ணன் எங்கேயோ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார் என்ற நப்பாசை. முந்தாநாள் வாங்கி வந்து போட்டேன். கிடங்குக்காரியின் பாட்டு, முதல் வரி, போதும். பட்டு மாதிரி ஒரு குரல். நல்ல குரல்தான், ஆனால் அந்த அம்மாளுடையது இல்லை. அவள் மூச்சு முட்டி நிறுத்தும் இடத்தில் இவள் அலுங்காமல் தாண்டிப் போகிறாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அட்டையில் 'நடிகர் குழுப் பதிவு' என்று பளபளவென்று போட்டிருக்கிறது. அவள் மேடையில் நின்றதை அழித்தது நான்தான். உங்கள் வேலையைப் பிடுங்கியதும் நான்தான். கேட்டுவிட்டுச் சண்டை போடுங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

சங்கத்தில் எழுந்து சொன்னேன். பாதிப் பேருக்குக் கேட்டவுடனே தெரிந்திருக்கிறது, அண்ணி. தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர், "ஜெயிச்ச பிறகு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார். செயலாளர் பதவியை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. பாட்டு மேடைக் குழு பாடியதல்ல, முதலில் எழுதிய சொல்தான் சரி, அதை எழுதியவர் என் அண்ணி, எனக்கு ஆசையாகக் காட்டத்தான் அட்டையை அனுப்பினார், அதை ஊருக்குக் காட்டிய குற்றம் முழுக்க என்னுடையது, அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதிவுத் தபாலில் போய்விட்டது. உண்மை தெரிந்த பிறகு அவர்களால் மறுக்க முடியாது, அண்ணி. நிச்சயம் கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டதும் ஒரு வரி எழுதுங்கள். வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

வாயாடி


ஜூலை 23

அன்புள்ள வாயாடிக்கு,

உன் அண்ணன் தடியில்லாமல் நடக்கிறார். நீ அனுப்பிய முதுகுப் பட்டியைக் கட்டிக்கொள்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதை எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், ஒவ்வொரு தடவையும் பாதி எழுதிக் கிழித்துப் போட்டதுதான். இன்று கிழிக்கப்போவதில்லை.

ஏப்ரலில் கண்ணாடி அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள் என்று உனக்கு எழுதவில்லை. கூடையின் மேலே இருந்தது உன் கடிதம்தான். சாய்வாக எழுதும் உன் கையெழுத்தைக் கதவிலிருந்தே பார்த்துவிட்டேன். மேலாளர் அதை எடுத்து நீட்டி, "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். யாரோ எங்கேயோ, நான் கேள்விப்பட்டதே இல்லை என்றேன். உன்னைக் கைக்குழந்தையாகப் பார்க்காவிட்டாலும், பள்ளிக்கூடப் பையோடு பார்த்தவள் நான். அப்படிச் சொல்லும்போது நாக்கு எரிந்தது. ஆனால் அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது. அட்டை என் வழியாகப் போனது என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை.

வேலையை விட்டு அனுப்பியது கையெழுத்துப் போட மறுத்ததற்காக. அதற்குத் தொழிலாளர் சங்கம் எனக்காகச் சண்டை போட்டது. பொய்யில் கையெழுத்துப் போடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று அவர்கள் பேசப் பேச, மேலாளர் இறங்கி வந்தார். ஜூன் மாதக் கடைசியில் விசாரணை. கீழே விலாசம் ஒட்டும் இடத்துக்காவது திரும்பிப் போயிருப்பேன். சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்து, "கவலைய விடுங்கம்மா, முடிஞ்ச மாதிரிதான்" என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்று உன் அண்ணன் தானே எழுந்து டீ போட்டார்.

விசாரணையில் மேலாளர் உன் கடிதத்தை எடுத்தார். என் அண்ணி, எனக்கு அனுப்பினார் என்று நீ எழுதியிருந்ததை எல்லோர் முன்னாலும் வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தெரியாதுன்னு சொன்னீங்களேம்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சங்கத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்ப எடுக்க முடியாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள்.

நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லாம் சரி. முதல் தடவை என்னைக் கேட்காமல் தப்பை எழுதினாய், இரண்டாம் தடவை என்னைக் கேட்காமல் சரியை எழுதினாய். ஒரு போன் செய்து, அண்ணி, இப்படி எழுதலாமா என்று கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லியிருப்பேன். நீ நல்ல மனசோடு செய்தாய் என்று உன் அண்ணன் சொல்கிறார். எனக்கும் தெரியும். இருந்தாலும் உன் மேல் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, அது இன்னும் அடங்கவில்லை.

இப்போது ஒரு துணிக் கடையில் நாள் முழுக்க நின்று மடிக்கிறேன். ஜன்னல் இல்லை.

காலில் விழ வராதே. சும்மா வருவதென்றால் வா. உன் அண்ணன் உன்னைப் பார்க்க ஏங்குகிறார். உனக்குச் சோறு போடுவேன், படுக்கை விரிப்பேன். பேச மட்டும் கொஞ்ச நாள் ஆகும், நீயாக ஆரம்பிக்காதே.

கம்பெனிக்கு மறுபடி எழுதி என்னைத் திரும்பச் சேர்க்கச் சொல்லப்போவதாக அண்ணனிடம் போனில் சொன்னாயாம். எழுதாதே.

அண்ணி